படியும் புள்ளியும்: தமிழகப் பெருநகரங்களின் வாழ்க்கைச் செலவு அளக்கப்பட்ட வரலாறு

சென்னையில் வாழச் செலவு அதிகம், கோயம்புத்தூரில் சற்றுக் குறைவு, மதுரையில் இன்னும் குறைவு என்பது நம்மிடையே விவாதமின்றி ஏற்கப்படும் கூற்றுகளுள் ஒன்று. மாற்றலாகிச் செல்லும் ஊழியரும், வேலை தேடி இரயில் ஏறும் இளைஞரும், பிள்ளையை வெளியூர்க் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரும் இதை அறிந்தே முடிவெடுக்கின்றனர். ஆனால் எவ்வளவு அதிகம், எந்தப் பொருளில் அதிகம், யாருக்கு அதிகம் என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் விடை தயங்கித்தான் வரும்.

அரசிடம் எண்கள் இல்லாமலில்லை. நகர வாரியாக, மாதந்தோறும், முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவை வெளிவருகின்றன. இவ்வெண்களைக் கொண்டு ஒரு நகரையும் மற்றொரு நகரையும் ஒப்பிட இயலாது. எனினும் பல இலட்சம் பேரின் ஊதியம் இவற்றைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டு வந்தது. இந்த முரண் எப்படித் தோன்றியது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மரக்கால் மாறினால் விலையும் மாறும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்போர் ஒரு செய்தியை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். நெல்லைக் குறிப்பிடும்போதெல்லாம் அது எந்த மரக்காலால் அளக்கப்படவேண்டும் என்பதும் சொல்லப்படுகிறது. ஆடவல்லான் என்று பெயரிடப்பட்ட மரக்கால்; அது இராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்ற விளக்கம். முதலாம் இராஜராஜனின் (985–1014) ஆட்சியில், அவனது தலைநகரக் கோயிலிலேயே, இதைக் கல்லில் வெட்டிச் சொல்லவேண்டியிருந்தது. ஊருக்கு ஊர் வேறு மரக்கால்கள் புழங்கியிராவிட்டால் இதற்குத் தேவை நேர்ந்திராது. கலம் நெல்லின் விலை இரண்டு ஊர்களில் வேறுபட்டது என்று நாம் எழுதுமுன், இரண்டு கலங்களும் ஒன்றுதானா என்று பார்த்தாகவேண்டும்.

இந்தச் சிக்கல் சோழர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலும் படியின் கொள்ளளவு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறியது. ஆகவே அரசின் விலைப் பட்டியல்கள் எடையைப் பிடித்துக்கொண்டன. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் அரிசி கிடைக்கும் என்பதே அன்றைய பட்டியல்களின் முறை. இதில் எண் உயர்ந்தால் விலை தாழ்ந்தது என்று பொருள். பழக்கமில்லாத கண்ணுக்கு முதலில் தலைகீழாகத் தோன்றும். என்றாலும் ஒரு நன்மை இருந்தது. ஒரே நாணயம், ஒரே எடை, ஒரே தானியம் என்பதால், சென்னையையும் மதுரையையும் கோயம்புத்தூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. அரிசி மட்டுமே வாழ்க்கைச் செலவாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலே போதுமானதாகியிருக்கும்.

அரிசியிலிருந்து குடும்பக் கணக்குக்கு

முதல் உலகப்போரின் இறுதியாண்டுகளில் விலைகள் கடுமையாக உயர்ந்தன. 1918இல் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கடைகளும் சந்தைகளும் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோரின் முன்முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலி உயர்வு கேட்போருக்கும் மறுப்போருக்கும் இடையே இப்போது ஒரு புதிய வினா எழுந்தது: விலை எவ்வளவு உயர்ந்திருக்கிறது? அரிசி விலையை மட்டும் சொன்னால் முதலாளி ஏற்கமாட்டார். துணி, விறகு, வாடகை ஆகியவற்றை விட்டுவிட்டால் தொழிலாளி ஏற்கமாட்டார்.

இதற்கு முதலில் விடைகாண முயன்றது பம்பாய். 1921இல் அங்குத் தொழிலாளர் அலுவலகம் தொடங்கப்பட்டது. 1921–22இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு ஆராயப்பட்டு, 1923இல் அறிக்கை வெளியாயிற்று. சென்னைக்கு அம்முறை வந்துசேரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. 1935–36இல் சென்னை நகர ஆலைத்தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு ஆராயப்பட்டது. அறிக்கை 1938இல் வெளிவந்தது. 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரையிலான விலைகளை 100 என்று கொண்டு ‘வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்’ பிறந்தது. அதே அடிப்படை ஆண்டைக் கொண்டு, விசாகப்பட்டினம் முதல் கோழிக்கோடு வரை, மாகாணத்தின் பிற நகரங்கள் சிலவற்றுக்கும் எண்கள் கணிக்கப்பட்டன. கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, கடலூர் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

குறியீட்டெண் செய்யப்படும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரு நகரில் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவை எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று எழுதுவர். உணவு, எரிபொருளும் விளக்கும், துணி, வாடகை, இதர செலவுகள் என்று வகைப்படுத்தி, மொத்தச் செலவில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பங்கைக் கணிப்பர். இதுவே அந்நகரின் ‘கூடை’. பின்னர் ஆண்டுக்கணக்கில் அக்கூடையை மாற்றாமல், அதிலுள்ள பொருள்களின் விலையை மட்டும் குறிப்பிட்ட கடைகளில் தொடர்ந்து விசாரித்து வருவர். அடிப்படை ஆண்டில் 100 ரூபாய்க்குக் கிடைத்த கூடை இம்மாதம் 130 ரூபாய் ஆகிறதென்றால், குறியீட்டெண் 130.

நூறு என்னும் எண்

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். அடிப்படை ஆண்டில் சென்னையின் எண்ணும் 100, மதுரையின் எண்ணும் 100. இரு நகரங்களிலும் விலை சமமாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. அவரவர் தொடங்கிய இடத்துக்கு 100 என்று பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவே. இரு மரங்கள் நட்ட இடத்திலிருந்து எத்தனை மடங்கு வளர்ந்தன என்று அளப்பது போன்றது இது. எந்த மரம் உயரம் என்பது அந்த அளவிலிருந்து தெரியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். அடிப்படை ஆண்டில் சென்னையில் ஓர் அறை வீட்டின் வாடகை 3,000 ரூபாய், மதுரையில் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்குப் பின் சென்னை வாடகை 4,500 ஆகிறது. மதுரை வாடகை 2,100 ஆகிறது. சென்னையின் வாடகைக் குறியீட்டெண் 150, மதுரையினது 175. எண்களை மட்டும் பார்ப்பவர் மதுரையே வாடகை மிகுந்த ஊர் என்று முடிவுகட்டுவார். உண்மையில் அங்கு வாடகை இன்னும் சென்னையின் பாதியை எட்டவில்லை. ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. மதுரைக் குடித்தனக்காரரின் வாடகைச் சுமை, அவர் பழகியிருந்த நிலையிலிருந்து, சென்னைக்காரரைவிட வேகமாக ஏறியிருக்கிறது. அவருடைய கூலி அந்த வேகத்தில் ஏறியதா என்பதே அவர் கேட்கவேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு விடைசொல்லவேண்டிய எண் எது என்பதில்தான் தமிழகத்தின் வரலாறு சுவையான ஒரு திருப்பம் கொள்கிறது.

புள்ளிக்கு மூன்று அணா

விலை உயரும்போது ஊதியத்தோடு சேர்த்துத் தரப்படும் தொகையைத் தொழிற்சங்கத்தார் பஞ்சப்படி என்றனர்; அரசு ஆணைகள் அகவிலைப்படி என்கின்றன. இரண்டும் பொருள் பொதிந்த சொற்கள். தானியம் விலையேறும் காலத்தில் கீழ்நிலை ஊழியருக்குத் தானிய ஈட்டுத்தொகை தரும் வழக்கம் முதல் உலகப்போருக்கு முன்னரே இந்தியாவில் இருந்தது. பஞ்சம் என்ற சொல் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. அகவிலை என்னும் பழஞ்சொல்லுக்கும் தானிய விலை என்பதே பொருள். இரண்டிலும் வரும் ‘படி’ ஊதியத்தின் மேல் தரும் தொகையைக் குறிக்கிறது. அரிசி அளக்கும் படியும் அதே உருவில் நம் காதில் விழுவது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமானதுதான்.

இரண்டாம் உலகப்போரில் விலைகள் மீண்டும் ஏறியபோது, குறியீட்டெண் ஊதியக் கணக்கின் நடுவே வந்து அமர்ந்தது. 1940களில் சென்னை மாகாண நூற்பாலைகளில் நிலைபெற்ற கணக்கு எளிமையானது: சென்னை நகரக் குறியீட்டெண் 100க்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் 3 அணா. எண் 300ஐத் தொடுகிறது என்று கொண்டால், 200 புள்ளிக்கு 600 அணா, அதாவது 37 ரூபாய் 8 அணா பஞ்சப்படி. அன்றைய சாதாரண ஆலைத்தொழிலாளியின் அடிப்படைக் கூலியை இது எளிதில் விஞ்சிவிடும். அடிப்படைக் கூலிக்கான போராட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. புள்ளியோ மாதந்தோறும் ஏறி இறங்கியது. பல குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிந்தது. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்தபோது 3 அணா 18.75 காசாயிற்று. அணா மறைந்த பின்னும் அதன் கணக்கு சம்பளப் பட்டியல்களில் நெடுங்காலம் தங்கியது.

இங்குக் கவனிக்கத்தக்கது, அந்த எண் சென்னையின் எண் என்பதாகும். நூற்பாலைகள் பெருமளவில் இருந்தது கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், மதுரையிலும். கோயம்புத்தூருக்கென்று தனி எண் இருந்தும், சென்னை எண்ணே பொது அளவுகோலாயிற்று. இதற்கு நியாயம் சொல்ல முடியும். ஒரே தொழில், ஒரே சந்தை. ஊருக்கு ஓர் எண் வைத்தால் ஆலைக்கு ஆலை கூலி மாறும், தகராறு பெருகும். மேலும் சென்னை எண்ணுக்குப் பின்னால் முறையான குடும்ப ஆய்வு இருந்தது. ஆனால் விளைவையும் மறக்கலாகாது. சென்னையின் வாடகை ஏறினால் கோவைத் தொழிலாளிக்குப் படி ஏறும். கோவையின் வாடகை ஏறினால் அவனுக்கு எதுவும் ஏறாது.

இந்த ஏற்பாடு நூற்பாலைகளோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ்த் தமிழக அரசு வெளியிட்ட அறிவிக்கைகளிலும் அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரியோடு இணைக்கப்பட்டு வந்தது. சில தொழில்களில் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து அடிப்படை ஊதியத்தை வேறுபடுத்தியபோதும், அகவிலைப்படிக்குச் சென்னை எண் ஒன்றே. நாகர்கோவிலில் உணவகத்தில் பரிமாறுபவருக்கும், ஓசூரில் கடையில் நிற்பவருக்கும், சட்டத்தின் பார்வையில் விலை ஏறியது சென்னையில்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. எழுபத்தேழு ஆண்டுகளின் வழக்கம் சட்டப்பெயர் மாறியவுடன் மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

குன்னூர் உண்டு, திருப்பூர் இல்லை

1946இல் தொடங்கப்பட்டுச் சிம்லாவில் இயங்கும் மத்தியத் தொழிலாளர் செயலகம் நாடு முழுவதற்குமான தொடர்களைக் கணிக்கும் பொறுப்பை ஏற்றது. ‘வாழ்க்கைச் செலவு’ என்ற பெயரும் பின்னர் ‘நுகர்வோர் விலை’ என்று மாறிற்று. இது வெறும் பெயர்மாற்றமன்று. வாழ்வதற்கு ஆகும் செலவு முழுவதையும் இந்த எண் அளப்பதில்லை, குறித்த பொருள்களின் விலையை மட்டுமே அளக்கிறது என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

1960ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் 50 மையங்கள். 1982 தொடரில் 70. 2001 தொடரில் 78. 2016 தொடரில் 88. 2001 தொடரில் தமிழகத்தின் மையங்கள் ஆறு: சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம், திருச்சிராப்பள்ளி, குன்னூர். பட்டியலின் கடைசிப் பெயர் வாசகரை வியக்கவைக்கலாம். நீலகிரியின் சிறு நகரான குன்னூர் பெருநகரங்களோடு ஏன் நிற்கிறது? மையங்கள் மக்கள்தொகையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பதே விடை. ஆலை, சுரங்கம், தோட்டம், இரயில்வே, துறைமுகம், மோட்டார்ப் போக்குவரத்து, மின்சாரம் ஆகிய ஏழு துறைகளின் தொழிலாளர் செறிவைக் கொண்டு அவை தேரப்பட்டன. குன்னூர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி.

அதே பட்டியலில் திருப்பூர் இல்லை. 1980களுக்குப் பின் பின்னலாடை ஏற்றுமதியால் பெருகி, 2011 கணக்கெடுப்பில் சுற்றுப்பகுதியோடு சேர்த்து 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நகரம் அது. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் வந்து குவிந்தோர் வாடகைக்கு அறை தேடிய ஊர். அவர்களது வாடகையும், விலைகொடுத்து வாங்கிய குடத்துத் தண்ணீரும் எந்தக் கூடையிலும் இடம்பெறவில்லை.

எண்ணை யார், எப்படிக் கணிக்கிறார்கள் என்பது போராட்டப் பொருளாவதும் உண்டு. 1963இல் பம்பாயின் குறியீட்டெண் உண்மை விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று தொழிலாளர் கிளர்ந்தனர். ஆகஸ்டில் நகரம் முழுஅடைப்பைக் கண்டது. பொருளியலறிஞர் டி. டி. லக்டாவாலா தலைமையிலான குழு ஆராய்ந்து, எண் குறைவாகவே கணிக்கப்பட்டிருந்தது என்று கண்டது. பின்னாளில் நீலகண்ட ரத் தலைமையிலான குழு 1960 தொடரின் முறைகளை ஆராய்ந்ததும் இத்தகைய ஐயங்களின் தொடர்ச்சியே. ஒரு புள்ளி பிழைத்தால் பல்லாயிரம் கூலிக்கவர்கள் இளைக்கும் என்பதைப் பம்பாய் ஆலைத்தொழிலாளர் நன்கறிந்திருந்தனர்.

தலையெண்ணி விலை காணல்

நகரங்களை நேரடியாகத் தரவரிசைப்படுத்தும் முறை ஒன்று மத்திய அரசு ஊழியருக்கு உண்டு. அவர்களது அகவிலைப்படி அகில இந்தியக் குறியீட்டெண்ணைச் சார்ந்தது. எந்த ஊரில் பணியாற்றினாலும் விழுக்காடு ஒன்றே. ஊர் வேறுபாடு வீட்டு வாடகைப்படியில் வருகிறது. முன்பு ஏ-1, ஏ, பி-1, பி-2, சி என்றிருந்த பகுப்பு, ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பின் 2008இல் எக்ஸ், ஒய், இசட் என்று சுருங்கிற்று. 50 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் இருந்தால் எக்ஸ். 5 முதல் 50 இலட்சம் வரை ஒய். அதற்குக் கீழ் இசட். அப்போது வாடகைப்படி முறையே அடிப்படை ஊதியத்தில் 30, 20, 10 விழுக்காடு. பெருநகரில் பணியாற்றுவோருக்கெனத் தனியே இருந்த நகர ஈட்டுப்படி அத்துடன் நீக்கப்பட்டது.

தமிழகத்தில் எக்ஸ் வகுப்பு சென்னை ஒன்றே. 2011 கணக்கெடுப்பையொட்டி 2015 ஏப்ரல் முதல் ஒய் வகுப்பில் கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை நின்றன. சுற்றுப்பகுதியோடு 21 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட கோயம்புத்தூருக்கும், 5.2 இலட்சம் கொண்ட ஈரோட்டுக்கும் ஒரே படி. எந்த வீட்டின் வாடகையையும் இம்முறை விசாரிப்பதில்லை. தலையை எண்ணி விலையை ஊகிக்கிறது. மக்கள் நெருக்கம் வாடகையை உயர்த்தும் என்ற ஊகம் பொதுவில் சரியே. ஆனால் உதகமண்டலம் போன்ற சுற்றுலா ஊர்களில் மக்கள்தொகை சிறிதாயிருந்தும் விலை பெரிதாயிருக்கும் என்பதை அங்கே ஒருநாள் தங்கியவரும் அறிவர்.

எது வேறுபடுகிறது?

பட்டியல்களை விட்டுக் கூடைக்குள் பார்ப்போம். அகில இந்தியத் தொழிலாளர் குறியீட்டெண்ணில் உணவின் பங்கு 1982 தொடரில் 57 விழுக்காடு. 2001 தொடரில் 46.20, 2016 தொடரில் 39.17. அதே காலத்தில் கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவற்றை உள்ளடக்கிய இதர வகையின் பங்கு வளர்ந்து, 2001இல் 23.26ஆகவும் 2016இல் 30.31ஆகவும் ஆயிற்று. வீட்டுவசதி 15.27இலிருந்து 16.87 ஆயிற்று.

இம்மாற்றத்துக்கு நகர ஒப்பீட்டில் பெரும் முக்கியத்துவம் உண்டு. அரிசியும் பருப்பும் லாரியேறிச் செல்லக்கூடியவை. ஊருக்கு ஊர் அவற்றின் விலை ஓரளவுக்கு மேல் விலகி நிற்க இயலாது. நிலமோ நகராது, வாடகையும் பள்ளிக்கட்டணமும் அந்தந்த ஊரின் நெருக்கடியைப் பொறுத்தவை. வருமானத்தின் பெரும்பகுதி சோற்றுக்கே போன காலத்தில் நகரங்களுக்கிடையே செலவு வேறுபாடு இயல்பாகவே குறுகியிருக்கும். சோற்றின் பங்கு குறையக் குறைய, ஊர் வேறுபாடு விரியும்.

சோற்றின் விலையைச் சமன்செய்ததில் தமிழக அரசியலுக்கும் பங்குண்டு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கி ஆட்சிக்கு வந்த தி.மு.க., ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தை அவ்வாண்டு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மட்டுமே தொடங்கியது. மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடந்தரவில்லை. ஆக, அரசின் கொள்கையே இரு பெருநகரங்களுக்கும் பிற ஊர்களுக்கும் இடையே வாழ்க்கைச் செலவில் ஒரு வேறுபாட்டை உண்டாக்கிய தருணம் அது. மெட்ரிக் எடைகள் வந்துவிட்ட பின்னும் வாக்குறுதி படியில்தான் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். பின்னர் 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டு, நியாயவிலைக் கடைகள் பரவின. கிலோ 2 ரூபாய் (2006), 1 ரூபாய் (2008), விலையின்றி (2011) என்று அரிசி வந்தபோது, சென்னையும் சேலமும் ஒன்றாயின. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் மட்டும் மீண்டும் சென்னையில் முதலில் தொடங்கிற்று. பிற மாநகராட்சிகள் ஜூன் வரை காத்திருந்தன.

அரிசியைச் சமன்செய்வது போல வாடகையைச் சமன்செய்ய எந்த அரசாலும் இயலவில்லை. போர்க்கால ஆணைகளாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்தது. நியாய வாடகையை நிர்ணயிக்கும் அந்த ஏற்பாட்டின் இடத்தில், ஒப்பந்தத்தை முதன்மையாகக் கொள்ளும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

வாடகையைக் குறியீட்டெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரித்துச் சேர்த்துக்கொள்கிறது. முன்பணத்தை அது சேர்ப்பதில்லை; திரும்பிவரும் தொகையைச் செலவென்று கொள்ளவியலாது என்பது காரணம். ஆனால் சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 8,000 ரூபாய் வாடகைக்கு 80,000 ரூபாய். கையில் பணமில்லாதவர் அதை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,600 ரூபாய். வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. சேமிப்பு உள்ளவருக்கு இச்செலவு கண்ணுக்குத் தெரியாது. இல்லாதவருக்கு அது மாதந்தோறும் தெரியும். ஒரே தெருவில், ஒரே வாடகையில், இருவேறு வாழ்க்கைச் செலவுகள்.

தண்ணீரும் அவ்வாறே. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் சென்னைத் தெரு ஒன்றின் நீர்த்தட்டுப்பாட்டைக் களமாகக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதன் பின்னும் 2003–04 வறட்சி வந்தது. 2004இல் வீராணத்து நீர் குழாய்வழி வந்தது. மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013) கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. 2019 கோடையில் ஏரிகள் மீண்டும் வறண்டன. அத்தகைய மாதங்களில் குடும்பத்தின் செலவில் லாரி நீரும் கேன் நீரும் ஏறுகின்றன. குடத்தோடு வரிசையில் நின்றவரின் இழந்த வேலைநேரம் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. சிறுவாணி நீர் குழாயில் வரும் கோவை வீட்டுக்கு இச்செலவு இல்லை. அதே கோவையின் புறநகர் வீட்டுக்கு இருக்கலாம்.

புறநகர் என்றதும் மற்றொரு சிக்கலும் சேர்கிறது. நகரம் எங்கே முடிகிறது? 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 ஆக விரிக்கும் ஆணை 2022இல் வந்தது. வாடகைக்கு அஞ்சி வெளியே குடியேறியவர், மிச்சப்படுத்திய தொகையின் ஒரு பகுதியை இரயிலுக்கும் பேருந்துக்கும் தருகிறார்; எஞ்சியதை நேரமாகத் தருகிறார். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றானது இக்கணக்கைக் குடும்பத்தின் ஒரு பாதிக்குச் சற்று மாற்றியது.

ஒப்பிட வழியுண்டா?

வழியில்லாமலில்லை. ஒரே கூடையை ஒரே காலத்தில் பல நகரங்களில் விலைகேட்டு, ஒரு பொதுச் சராசரியை 100 என்று கொண்டு, ஒவ்வொரு நகரும் அதற்கு மேலா கீழா என்று காட்டலாம். ஐக்கிய அமெரிக்க நாட்டின் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை மாநிலங்களுக்கும் பெருநகரப் பகுதிகளுக்கும் இத்தகைய எண்களை 2014 முதல் முறையாக வெளியிட்டு வருகிறது. காலத்தோடு காலத்தை ஒப்பிடும் எண் வேறு, இடத்தோடு இடத்தை ஒப்பிடும் எண் வேறு என்பதை அது தெளிவாகப் பிரித்துவைக்கிறது. நம்மிடமோ முதல்வகை எண்ணே வளர்ந்தது. 2011 முதல் புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டுவரும் மாநில வாரியான எண்களிலும் தமிழக நகர்ப்புறம் என்னும் ஒரே தலைப்பில் சென்னையும் சிற்றூர்ப் பேரூராட்சியும் கலந்துவிடுகின்றன.

அத்தகைய எண் ஒன்றை உண்டாக்கினாலும், யாருடைய கூடை என்ற வினா எஞ்சும். சென்னைக் கூடையில் கேன் தண்ணீர் இருக்கும், குன்னூர்க் கூடையில் கம்பளி இருக்கும். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்தால் இரண்டு ஊர்களின் வாழ்க்கையும் அதில் குறைந்துபோகும். ஆடவல்லான் மரக்காலை வெட்டிவைத்தவர்களுக்கு இருந்த வசதி நமக்கில்லை. அவர்கள் அளக்கவேண்டியது நெல் ஒன்றுதான்.

எனினும், சரியான எண் கிடைக்காதவரை எந்த எண்ணும் வேண்டாம் என்பது நமது வாதமன்று. எண்ணே இல்லாத 1918இல் கூலி கேட்டவருக்கு, விலை ஏறிவிட்டது என்று மெய்ப்பிக்கச் சூறையாடப்பட்ட சந்தைகளே சான்றாயிருந்தன. புள்ளிக்கு மூன்று அணா என்ற கணக்கு, ஆண்டுக்கொருமுறை கைகட்டி நிற்கவேண்டிய நிலையிலிருந்து ஆலைத்தொழிலாளியை விடுவித்தது. அது சென்னையின் புள்ளியாக இருந்ததால் கோவைக்கும் மதுரைக்கும் சில ஆண்டுகளில் இலாபமும் சில ஆண்டுகளில் இழப்பும் நேர்ந்திருக்கும். புதிய ஊதியச் சட்டத்தொகுப்பின் கீழ் விதிகளும் அறிவிக்கைகளும் எழுதப்படும் இக்காலத்தில், அகவிலைப்படி எந்த ஊரின் விலையைப் பின்தொடரவேண்டும் என்பதைத் திருப்பூரிலும் ஓசூரிலும் தூத்துக்குடியிலும் வாடகை கொடுப்போர் கேட்பது நியாயமே. அவர்கள் கேட்கும்போது எடுத்துக்காட்ட அவ்வூர்களின் கடைவிலைகளும் வாடகைகளும் எழுதிவைக்கப்பட்டிருக்கவேண்டும். முதலில் செய்யவேண்டியது அதுதான்.